பேராசிரியர் ஆக விரும்பினால் பக்கத்து ஏரியில் தொடங்குங்கள்

நன்னீர், ஈரநிலச் சூழலியலில் பேராசிரியராக வர நினைக்கும் முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் வேடந்தாங்கலையோ கோடியக்கரையையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். சரணாலயத்துக்குள் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். அது கைக்கு வரவே மாதங்கள் ஆகலாம். ஊர்ப் பக்கத்தில் இருக்கும் ஏரியைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். நாளை வேலை கிடைத்த பிறகும் அதுதான் கைகொடுக்கும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு என்பது யுஜிசி கணக்கு. அதற்கு மேல் விடைத்தாள், செய்முறைத் தேர்வு, நாக் கோப்பு. மிஞ்சும் சனி, ஞாயிறில் போய்வரக்கூடிய தூரத்தில் ஏரி இருந்தால்தான் ஆய்வு தொடரும்.

தொடர்வதுதான் இந்தத் துறையில் எல்லாமே. வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் ஏரியைக் கலங்கல் வழிய வைக்கும். அடுத்த வருடம் தூர் நனையாமல் விட்டுவிடும். ஒரே ஆண்டு எண்களை வைத்து அந்த ஏரி இப்படித்தான் என்று எழுதுவது பெரிய துணிச்சல்.

நீர் எடுக்க விடியலுக்கு முன் போங்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் பாசி, மீன், பாக்டீரியா எல்லாம் சேர்ந்து அதைச் சுவாசித்துத் தீர்க்கும். சூரியன் எழும் நேரத்தில்தான் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். கழிவுநீர் கலக்கும் ஏரியில் மீன் செத்து மிதப்பது பெரும்பாலும் காலையில்தான். பதினொரு மணிக்கு எடுத்த நீர், எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும்.

விலை உயர்ந்த கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம், விங்க்ளர் முறை போதும். குமிழி இல்லாமல் குப்பியை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு, மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வீழ்படிவு திரளும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். இதைக் கரையிலேயே செய்துவிட வேண்டும்.

நீர் அன்றைய நிலையைத்தான் சொல்லும். சேறு பல வாரக் கதையைச் சொல்லும். சல்லடையில் அலசும்போது தட்டான், மேஃப்ளை இளவுயிரிகள் காணாமல், ஹீமோகுளோபினால் சிவந்த கைரோனோமிட் புழுக்கள் மட்டும் நெளிந்தால், அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை வெகுநாளாக இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மீன் குத்தகை எடுத்தவரிடமும் மடை திறக்கும் நீர்க்கட்டியிடமும் உட்கார்ந்து பேசுங்கள். விரால் எப்போது குறைந்தது, ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எப்போது வந்தன என்பதற்கு அவர்களிடம் இருக்கும் பதில் பெரும்பாலும் எந்த ஆய்விதழிலும் இருக்காது.

தகுதிக்கு வருவோம். உயிரியல் படித்தவர்கள் சிஎஸ்ஐஆர் நெட் எழுதலாம். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட், இல்லாவிட்டால் யுஜிசி விதிப்படி பெற்ற முனைவர் பட்டம் வேண்டும். ஆர் மொழியும் கியூஜிஐஎஸ்ஸும் முதுகலையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்தின் நடுவில் அதற்கு நேரம் கிடைக்காது.

புதுச்சேரிப் பல்கலைக்கழகமோ ஆனைகட்டி சாலிம் அலி மையமோ, வழிகாட்டிக்கு எழுதும் கடிதத்தில் உங்கள் ஆர்வத்தைப் பற்றி ஒரு வரி போதும். ஓராண்டு ஏரி அட்டவணையையும் அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியையும் இணைத்து அனுப்புங்கள்.