வளர்ற பிள்ளைக்கு சைக்கிள்: புதுசா, பழசா?



ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில் நம் குழுக்களுக்கு வரும் கடன் மனுக்களில், சைக்கிளுக்கு என்று ரெண்டு மூணாவது இருக்கும். கேட்பதில் தப்பே இல்லை. அதை ஆடம்பரக் கடன் என்றும் நாம் சொல்ல மாட்டோம். எட்டாம் வகுப்பு முடிந்ததும் அடுத்த பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில் இருக்கும். பஸ் நேரத்துக்கு வராது. நம்ம பொம்பளப் பிள்ளைங்க படிப்பு நின்று போகிற இடம் பெரும்பாலும் அதுதான். ஆனால் எந்த சைக்கிள், என்ன அளவு, புதுசா பழசா என்று பார்க்காமல் வாங்கினால், ரெண்டே வருஷத்தில் அது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சாய்ந்து கிடக்கும்.

முதலில் அளவைப் பார்ப்போம். "வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெருசாவே வாங்கிடுவோம்" என்று பாவாடை சட்டை எடுக்கிற மாதிரி சைக்கிளும் எடுக்கிறோம். துணி பெருசாக இருந்தால் மடித்துத் தைக்கலாம். சைக்கிளை அப்படிச் செய்ய முடியாது. கால் எட்டாத பிள்ளைக்கு லாரி எதிரே வரும்போது சட்டென்று காலை ஊன்ற முடியாது. நம்ம காலத்தில் அப்பாவோட சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுத்தானே கத்துக்கிட்டோம் என்பீர்கள். அன்றைக்கு ரோட்டில் ஓடிய வண்டி எத்தனை, இன்றைக்கு எத்தனை?

சைக்கிள் அளவு என்பது சக்கரத்தின் அளவு. ஐந்து ஆறு வயதுக்கு 16 இன்ச், ஏழிலிருந்து ஒன்பது வரை 20, ஒன்பது பத்திலிருந்து பன்னிரண்டு வரை 24, அதற்கு மேல் 26. இது உத்தேசம்தான். வயதைவிட உயரம் முக்கியம். அதனால் பிள்ளையைக் கடைக்கே கூட்டிப் போங்க. நடுக்கம்பிக்கு ரெண்டு பக்கமும் காலை வைத்து நிற்கச் சொன்னால் உடம்பில் கம்பி இடிக்கக் கூடாது. சீட்டில் உட்கார்ந்தால் ரெண்டு காலின் முன்பாதமாவது தரையில் பட வேண்டும். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு முழுப்பாதமும் படணும். பிரேக் பிடிக்கு விரல் தாராளமாக எட்டணும். சீட்டை மட்டும் தாழ்வாக வாங்கி, பிள்ளை வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். சீட் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்வரை ஏற்றக் கூடாது, கம்பி வளைந்துவிடும்.

ஆக, 16, 20, 24 என்று ஒவ்வொரு அளவும் ரெண்டு மூணு வருஷத்துக்குத்தான். இதில்தான் பழசு நமக்குக் கைகொடுக்கிறது. ஒரு கணக்குக்காக, புதுசு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு வருஷம் கழித்து விற்றால் 2,000 வரும். பழசு 2,000, ரிப்பேருக்கு 600, ஆக 2,600. அதை விற்றால் 1,500. குழுவில் மாதம் 2 சதவீத வட்டியில், பத்து மாதத் தவணையில், குறையும் அசலுக்கு வட்டி போட்டால், புதுசுக்கு வட்டி 550; பழசுக்கு 286. எல்லாம் கழித்துப் பார்த்தால் புதுசுக்கு நம் கையை விட்டுப் போவது 3,550, பழசுக்கு 1,386. மிச்சம் ரெண்டாயிரத்துக்கு மேல். உங்க ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைக் கூட்டத்தில் ஒரு தடவை போட்டுப் பாருங்க. வாரக்கடன் கம்பெனியிடம் வாங்கி புது சைக்கிள் எடுப்பதாக இருந்தால் அந்த வட்டியையும் சேர்த்துப் போடுங்க.

பழசு வாங்கும்போது பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் அடியில் எதையோ மறைக்கிறாங்களோ என்று ஒரு சந்தேகம் வரணும். பிரேமில் பற்றவைத்த இடங்களை விரலால் தடவிப் பாருங்க. விரிசல் இருந்தால், முன் போர்க் வளைந்திருந்தால், எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள்.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்க. பிரேக் கட்டைக்கு நடுவில் ரிம் இப்படியும் அப்படியும் ஆடினால் கோட்டம் எடுக்கணும். சக்கரத்தைப் பிடித்து பக்கவாட்டில் ஆட்டும்போது கடகடவென்றால் கோன், பால்ஸ் தேய்ந்திருக்கும். முன்பக்கப் பல்சக்கரத்தில் செயினை முன்னால் இழுத்துப் பாருங்க. பல்லை விட்டு நன்றாக விலகி வந்தால் செயின் நீண்டுபோச்சு என்று அர்த்தம். பல் சுறாத் துடுப்பு மாதிரி கூராக இருந்தால் அதையும் மாற்றணும். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா பாருங்க. இவ்வளவும் பார்த்த பிறகு நம்ம ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டி, ஓவராயில் பண்ண, சாமான் மாற்ற என்ன ஆகும் என்று கேட்டு, அதைக் கழித்து விலை பேசுங்க. அவருக்குக் கொடுக்கிற ஐம்பது நூறு வீண்போகாது.

பெண் பிள்ளைக்கு என்றால் செயின் கவரும், பின் சக்கரத்தில் துணி மாட்டாமல் தடுக்கும் வலையும் கட்டாயம் இருக்கணும். துப்பட்டா செயினில் மாட்டினால் பிள்ளை விழுந்துதான் எழுந்திருக்கும். பின்னால் தம்பியை ஏற்றிப் போகும் போது ஸ்போக்ஸில் குதிகால் சிக்கிக் கிழிவதையும் அந்த வலை தடுக்கும்.

கியர் வைத்த சைக்கிளைப் பழசாக வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பசங்க அடம் பிடிப்பாங்க. கியர் மாறாமல் போனால் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு அலைவது நாம்தான்.

விற்கிறவரிடம் பழைய பில் கேளுங்க. பெடல் இருக்கிற இடத்துக்கு அடியில் பிரேம் நம்பர் குத்தியிருக்கும். பில்லில் நம்பர் இருந்தால் ஒத்துப் பாருங்க. பில் இல்லை என்றால், தெரிந்தவரிடம், சாட்சி வைத்து எழுதி வாங்கிக்கொண்டு வாங்குங்க. திருட்டு சைக்கிள் என்றால் பணமும் போய், மானமும் போகும். அரசு கொடுத்த இலவச சைக்கிளை விலைக்கு வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.

அப்படியானால் புதுசே வேண்டாமா? 26 இன்ச்சுக்கு வந்துவிட்ட பிள்ளை, தினமும் நாலைந்து கிலோமீட்டர் போகிறது என்றால் புதுசு வாங்கலாம். இதற்கு மேல் அளவு மாற வேண்டியதில்லை, பத்து வருஷம் உழைக்கும். அம்மாவும் ஓட்டலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். நமக்கு என்ன தயக்கம்? 22.9.2025 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் கேட்டு வாங்கி, வரியைச் சரிபாருங்க.

இன்னொன்று. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு படிக்கிறவங்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது. பிள்ளை இப்போது பத்தாவது என்றால், ஒரு வருஷத்துக்காகப் புதுசுக்குக் கடன் வாங்காதீங்க. நல்ல பழசு போதும். ஆறாவது ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு அந்த சைக்கிள் வரும் என்று இப்போதே காத்திருக்கவும் கூடாது. நடுவில் நாலு வருஷம் இருக்கிறது, படிப்பு நிற்பதும் அந்த நாலு வருஷத்தில்தான்.

சில வீடுகளில் பழசு அக்காவுக்கு, புதுசு தம்பிக்கு என்று ஆகிவிடுகிறது. தம்பி நடக்கிற தூரத்தில் படிக்கிறான், அக்கா ஐந்து கிலோமீட்டர் போகிறாள். மனுவைப் பார்க்கும் பிரதிநிதிகள் இதைக் கேட்கணும், யாருக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்று.

நம் உறுப்பினர்கள் வீட்டில் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சைக்கிள்கள் சும்மா நிற்கின்றன. ஒவ்வொரு குழுவும் சக்கர அளவு, கேட்கும் விலை, என்ன ரிப்பேர் என்று எழுதி மே மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வாங்க வேண்டியவங்க பிள்ளையையும் கூட்டி வரட்டும். ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகு விலை பேசிக்கொள்ளலாம்.