செங்குழியத்தின் அமைப்பும் தொழிலும்

வெறுங் கண்ணுக்குக் குருதி ஒரு செந்நிற நீராகவே தோன்றும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவோமாயின், மஞ்சட் சாயலுடைய திரவவிழையத்தில் எண்ணிறந்த சிறு தட்டுக்கள் மிதத்தலைக் காண்போம். இவற்றுட் பெரும்பாலன செங்குழியங்களாம். ஒல்லாந்தரான லீவன்ஹூக் தாமே செய்த வில்லையின் துணைகொண்டு 1674 ஆம் ஆண்டில் இவற்றை விவரித்தார்.

ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கின், செங்குழியத்தின் விட்டம் ஏறத்தாழ ஏழரைக் கூறாகும்; தடிப்பு விளிம்பில் இரண்டு கூறு, நடுவில் ஒரு கூறு. இருபுறமுங் குழிந்த இவ்வடிவத்தால் விளையும் பயன் இரண்டு. மேற்பரப்பு மிகுதலால் வாயுக்கள் விரைந்து புகும், வெளியேறும். வளைந்து மடங்கும் இயல்பினால், தன்னினும் ஒடுங்கிய மயிர்த்துளைக்குழாயினூடும் அது நுழைந்து செல்லும்.

என்பு மச்சையில் உருவாகுங்கால் இக்கலம் கருவுடையது. முதிருங்கால் அக்கருவை வெளியே தள்ளிவிடும், இழைமணிகளையும் இழக்கும். குழியத்தை நிறைத்து நிற்பது ஈமோகுளோபின் என்னும் புரதமே. ஒரு குழியத்தில் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் உள. மூலக்கூறொன்றில் நான்கு இரும்பணுக்கள். அணுவொன்று ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றைப் பற்றும். இழைமணியின்மையால், தான் சுமக்கும் ஒட்சிசனைச் செங்குழியம் தனக்கெனச் செலவிடுவதில்லை. குளுக்கோசை ஒட்சிசனின்றிச் சிதைத்தே சத்தி பெறுகின்றது. இழையங்களிலிருந்து காபனீரொட்சைட்டைச் சுவாசப்பைக்குச் சேர்த்தற்கும் அதுவே துணைபுரிகின்றது.

கருவற்ற கலம் தன்னைப் புதுப்பிக்கமாட்டாது. ஆதலின் அதன் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாட்களே. முதிர்ந்தவற்றை மண்ணீரலும் ஈரலும் சிதைக்கும். அவற்றின் இரும்பை உடல் மீண்டும் பயன்படுத்தும். மச்சையோ செக்கன்தோறும் ஏறத்தாழ 20 இலட்சம் புதுக் குழியங்களை ஆக்கிக்கொண்டிருக்கும்.

இவ்வுண்மை ஏட்டளவில் நிற்றற்குரியதன்று. குருதி கொடுப்பின் உடல் நலிந்தே போமென அஞ்சுவார் நம்மவருள் இன்றும் உளர். நாம் கொடாது வைப்பினும், இன்று நம்மிடமுள்ள செங்குழியங்கள் நான்கு மாதத்தளவில் அழிந்தே தீரும். கொடுத்தவற்றின் குறையை மச்சை சில கிழமைகளில் நிரப்பிவிடும். அதற்கு வேண்டிய இரும்பை மீன், இறைச்சி, பயறு, கீரை முதலியவற்றால் நாம் ஈடுசெய்தல் வேண்டும். ஆனால், தலசீமியா நோய் கடுமையாகவுற்ற குழந்தைக்குச் சில கிழமைக்கொருமுறை பிறர் குருதி ஏற்றல் இன்றியமையாதது. மருத்துவமனைகளின் தேவைக்குப் போதிய செங்குழியத்தை ஆக்கவல்ல ஆலை இன்னும் எழவில்லை. மனிதரின் என்பு மச்சையே அவ்வாலை.

இலங்கையில் 18 வயது நிரம்பிய நலமுடையோர், உரிய பரிசோதனையின் பின், நான்கு மாதத்துக்கொருமுறை குருதி வழங்கலாம். செங்குழியத்தின் இயல்பைக் கற்ற நாம் அவ்வச்சத்தை ஒழித்து, முதற்கண் நம் கையை நீட்டுவோமாக.