சுகர் நார்மல்தானே மாமா?

திற்பரப்பு

பிரியமுள்ள மருமகனுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பின ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர், கல்லீரல் டெஸ்ட் எஸ்.ஜி.பி.டி. 68, வெறும்வயிற்றுச் சர்க்கரை 98. கூடவே ஒரு கேள்வி: "சுகர் நார்மல்தானே மாமா?" நார்மல்தான். ஆனால் அந்த 98-ஐ நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே. உன் அம்மாவின் கவலை வேறு. பிள்ளை திருவனந்தபுரம் போய்க் குடிக்கத் தொடங்கிவிட்டானோ என்று. கல்லீரலில் கொழுப்பு ஏற ஒரு சொட்டுச் சாராயம்கூடத் தேவையில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

லேபில் ரத்தம் எடுத்தே காலம் கழித்தவன் நான். கல்லீரல் என்றால் நம்மூர் ஆண்களுக்குக் குடியும் மஞ்சள்காமாலையும்தான் ஞாபகம் வரும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

நாம் தூங்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுப்பது கல்லீரல். போதும், நிறுத்து என்று அதனிடம் சொல்வது இன்சுலின். கொழுப்பு ஏறிய கல்லீரல் அந்தப் பேச்சைக் கேட்காது. கணையம் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து கொஞ்ச காலம் ஈடுகட்டும். அதுவரை சுகர் நார்மல் என்றே வரும். இதிலுள்ள சங்கடம், அந்தக் கூடுதல் இன்சுலினே தின்ற மாவையெல்லாம் மேலும் கொழுப்பாக்கிக் கல்லீரலில் சேர்த்துவிடும். மிஞ்சினது கணையத்திலும் படியும் என்கிறார் நியூகாசில் பல்கலைக்கழகத்து ராய் டெய்லர். கணையம் களைத்த பிறகுதான் சுகர் ரிப்போர்ட்டில் தலைகாட்டும்.

ஸ்காட்லாந்தில் 45 முதல் 64 வயதுவரையுள்ள ஆண்களைச் சில வருஷம் கவனித்தார்கள். தொடக்கத்திலேயே எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தவர்களுக்குத்தான் பிற்பாடு சர்க்கரை நோய் அதிகம் வந்தது என்று 2004-இல் எழுதினார்கள். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 32 சதவீதம் பேருக்குக் கொழுப்புக் கல்லீரல். ஆண்களிடம் சற்றுக் கூடுதல். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்குக் கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் தங்கும். நமக்கு நேரே வயிற்றுக்குள்தான்.

மரச்சீனியின் மேல் மட்டும் பழியைப் போடாதே. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூரில் எத்தனையோ வயிறுகளை நிறைத்த கிழங்கு அது. உன் தாத்தா விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டக் குன்று ஏறுவார். மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, பால் எடுத்து, சீட்டு அடித்து முடித்துத்தான் ஒரு வட்டில் மரச்சீனி மயக்கினதும் சாளைக் கறியும். உனக்கும் அதே வட்டில்தான், குன்றுதான் இல்லை. டெக்னோபார்க்கில் நீ நாற்காலியை விட்டு எழுவதே சாயாவுக்கும் பழம்பொரிக்கும். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்கில் சர்க்கரை நோய் தமிழ்நாட்டில் 14.4 சதவீதம், கேரளத்தில் 25.5. சாப்பாட்டில் நாம் எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் திரும்பக்கூடிய காரியம். உன் எடை 84. அதில் எட்டுக் கிலோ குறைந்தால் கல்லீரல் நன்றாகத் தெளியும். ஒரே மாதத்தில் வேண்டாம். முதலில் கலர், சர்பத், ஜூஸ், சீனி போட்ட சாயா, இவற்றை விடு. குடிக்கிற சீனி நேரே கல்லீரலுக்குப் போய் வேலை காட்டும். மரச்சீனியைப் பாதியாக்கி, சாளையையும் பயறையும் கூட்டு. ஆபீஸ் பார்ட்டியில் 'பீர் மட்டும்தான்' என்று தொடங்காதே. கொழுப்பு ஏறிய கல்லீரலுக்கு அதுவும் பாரம். நட, கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில், வாரத்துக்கு 150 நிமிஷமாவது.

உன் அத்தை கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன் என்கிறாள். கொழுப்பைக் கரைக்கும் என்று அதை நம்பி இருக்காதே. 'லிவர் டானிக்' என்று விற்கிற பொடிகள் பக்கமே போகாதே. நாட்டு மருந்து தின்று கல்லீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களும் உண்டு. டாக்டரிடம் ஹெச்.பி.ஏ.1.சி. பார்க்கச் சொல், 5.7-ஐத் தொட்டால் சர்க்கரை நோயின் எல்லைக்கு வந்துவிட்டாய். கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்புண்டா என்று அறிய ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு, அதையும் கேள். மூன்று மாதம் கழித்து மறுபடி எஸ்.ஜி.பி.டி. பார்ப்போம். அது நார்மலாக வந்தாலும் கொழுப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. இடுப்பை டேப் வைத்து அள. ஆணுக்கு 90 சென்டிமீட்டர்தான் வரம்பு.

உன் அப்பா இதுவரை ஒரு டெஸ்டும் எடுத்ததில்லை. வயிறு உன்னைவிடப் பெரிது. நான் கூப்பிட்டால் அத்தான் வரமாட்டார். நீ கூப்பிட்டால் வருவார். அடுத்த சனிக்கிழமை அவரையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு குலசேகரத்து லேபுக்கு வா. இரண்டு பேரும் காலைச் சாயா குடிக்காமல் வரவேண்டும்.

மாமா