பூஜ்யத்தை நம்பாதீர்கள்: மழைமானி பார்க்கப் போகிறவர்களுக்கு

பேட்டரி செத்தால் தகவல் நின்றுவிடும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் போடுவார். புனலில் புறா இறகு அடைத்தால் அப்படி நடக்காது. நிலையம் கால்மணிக்கு ஒரு தடவை ஒழுங்காகத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும்: 0.0, 0.0, 0.0. பார்க்கிறவர் மும்பை மாதுங்காவில் மழை இல்லை என்று நினைப்பார். அங்குள்ள காந்தி மார்க்கெட்டில் அந்த நேரம் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

தானியங்கி வானிலை நிலையங்களைப் பராமரிக்கும் வேலைக்கு வருகிற இளைஞர்கள் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான். செத்துப்போன கருவி அவ்வளவு ஆபத்தில்லை. உயிரோடு இருப்பதுபோல் நடிக்கிற கருவிதான் ஆபத்து. மழை பெய்யவில்லை என்று கருவி சொன்னால், அதை நிரூபிப்பது உங்கள் வேலை.

இந்த வேலை எப்படி வந்தது

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. அதே நாளில் தெற்கே கொலாபாவில் பதிவானது சுமார் 74 மி.மீ. நகரம் முழுவதுக்கும் இரண்டு நிலையங்களை வைத்துக்கொண்டு பேச முடியாது என்பது அன்று உறைத்தது. அடுத்த ஆண்டே மாநகராட்சி 35 தானியங்கி மழைமானிகளை வைத்தது. பெரும்பாலும் தீயணைப்பு நிலையங்களின் மாடிகளில்தான். பின்னர் இந்த எண்ணிக்கை 60 ஆனது.

கால்மணிக்கு ஒரு முறை வரும் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? மும்பையின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. வடிகால்களை மேம்படுத்தும் பிரிம்ஸ்டோவாட் திட்டம் அதை 50 ஆக்க முனைந்தது. கால்மணியில் 12 மி.மீ. பதிவானால் புதிய வடிகாலின் எல்லையே நெருங்கிவிட்டது என்று பொருள். கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் பம்பை எப்போது ஓட்டுவது, எந்தச் சாலையை மூடுவது என்ற முடிவுகள் இந்த எண்ணை ஒட்டியே எடுக்கப்படுகின்றன. 2021 ஜூலை 18 அதிகாலை, கொட்டும் மழையில் செம்பூர் பாரத் நகரில் மதில் இடிந்து வீடுகள்மேல் விழுந்து பதினைந்து பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவுகளில் குடியிருப்பவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்க, அந்தச் சரிவுக்குப் பக்கத்து மழைமானி சரியாக இருக்க வேண்டும்.

கிளம்பும் முன்: நாற்காலியிலேயே பாதி வேலை

பையைத் தூக்குவதற்கு முன் கடைசி ஒரு வாரத் தகவலைத் திரையில் போட்டுப் பாருங்கள். பக்கத்து நிலையங்கள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தாராவியைச் சந்தேகித்தால் சயான், மாதுங்கா, பாந்த்ரா பக்கத்து எண்கள் வேண்டும்.

ஆனால் அக்கம்பக்கத்தை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். 944-க்கும் 74-க்கும் நடுவில் எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை, இந்த ஊர் மழையே அப்படி. ஒரு மாலையின் வித்தியாசம் மழையின் குணமாக இருக்கலாம். நாலைந்து மழையிலும் ஒரே நிலையம் மட்டும் பின்தங்கினால் அது கருவியின் குணம்.

தகவல் வராத இடைவெளியையும் பூஜ்யத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இடைவெளி என்றால் சிம், ஆன்டெனா, பேட்டரி என்ற வரிசையில் போங்கள். தகவலைப் பதிந்து வைக்கும் லாகரின் நினைவகத்தில் எண்கள் பத்திரமாக இருக்கலாம், முதலில் அதை இறக்கி எடுங்கள். தகவல் வந்துகொண்டே பூஜ்யமாக இருந்தால் சந்தேகம் புனலிலிருந்து லாகர் வரை.

தொடும் முன் பாருங்கள்

மாடிக்குப் போனதும் மூடியைக் கழற்றி இறகை எடுத்து எறியத்தான் கை பரபரக்கும். பொறுங்கள். முதலில் போட்டோ எடுங்கள்: புனலின் உள்ளே, சுற்றுப்புறம், ரசமட்டத்தின் குமிழ், லாகர் காட்டும் நேரம். நீங்கள் வந்தபோது கருவி எப்படி இருந்தது என்பதுதான் போன வாரத் தகவலை வைப்பதா கழிப்பதா என்று பின்னால் முடிவு செய்யும். சுத்தம் செய்துவிட்டால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

பிறகு தலை நிமிர்ந்து சுற்றிப் பாருங்கள். மழைமானியின் விளிம்புக்கு மேல் ஒரு தடை எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரத்தில் அது இருக்க வேண்டும். தாராவியில் பக்கத்து வீட்டுக்கு ஒரு மாடி ஏறியிருக்கும். மாதுங்காவில் மரக்கிளை நீண்டிருக்கும். மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து புனலில் தெறிக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் காலையில் ஒரே நேரத்துக்கு 'மழை' பெய்யும் நிலையங்களில் மோட்டார் போடும் நேரத்தை விசாரித்தால் விடை கிடைத்துவிடும். இதைச் சொல்லக்கூடியவர் வாட்ச்மேன். அவரிடம் இரண்டு நிமிடம் நின்று பேசிவிட்டுப் போங்கள்.

தண்ணீர்ச் சோதனை

புலத்தில் இருப்பவை பெரும்பாலும் டிப்பிங் பக்கெட் வகை. புனலுக்குக் கீழே தராசுபோல் இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிரம்பினால் 'டக்' என்று சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்து போகும், லாகர் ஒன்று எண்ணிக்கொள்ளும்.

கணக்கு எளிது. 20 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 314 ச.செ.மீ. ஒரு சாய்வு 0.2 மி.மீ. என்றால் கிண்ணம் பிடிப்பது 6.28 மி.லி. ஆகவே 314 மி.லி. தண்ணீர் ஊற்றினால் 50 சாய்வு, அதாவது 10 மி.மீ. உங்கள் கருவியின் விட்டமும் சாய்வு அளவும் வேறாக இருக்கலாம். அதை அளந்து இந்தக் கணக்கைப் பையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விதி: சோதனைத் தண்ணீர் மழையாகப் பதிவாகக் கூடாது. லாகரில் பராமரிப்பு நிலை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்து தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் சொல்லுங்கள். வெயில் அடிக்கிற மதியத்தில் செம்பூரில் 10 மி.மீ. என்று திரையில் தோன்றினால் ஒரு நிலையத்தின் பெயர் கெடும். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் நிலையம் 52.9 டிகிரி காட்டியது நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது. சென்சார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறை பிறகுதான் விளக்கியது. செய்தி ஓடிய வேகத்தில் விளக்கம் ஓடவில்லை.

இரண்டாவது விதி: மடமடவென்று ஊற்றாதீர்கள். அடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலில் 314 மி.லி. நிரப்பிப் புனலில் வைத்து, அரை மணி நேரம் சொட்டவிடுங்கள். அது மணிக்கு 20 மி.மீ. மழைக்குச் சமம். சாய்வை நீங்களும் எண்ணுங்கள், லாகரும் எண்ணட்டும். இரண்டும் 50-ஐ ஒட்டி, தயாரிப்பாளர் கையேடு சொல்லும் வரம்புக்குள் இருந்தால் கருவி தேறியது.

முடிந்தால் ஆறு நிமிடத்தில் சொட்டும் பாட்டில் ஒன்றும் வைத்திருங்கள். அது மணிக்கு 100 மி.மீ. 2005-இல் சாந்தாகுரூஸில் ஒரு மணி நேரத்தில் 190 மி.மீ. பெய்தது. அந்த வேகத்தில் 0.2 மி.மீ. கிண்ணம் நாலு வினாடிக்குள் ஒரு தடவை சாய வேண்டும். சாயும் அந்த நொடியில் விழும் தண்ணீர், ஏற்கெனவே நிரம்பிய கிண்ணத்திலேயே விழுந்து கணக்கில் வராமல் போகும். அதனால் பெருமழையில் இந்த வகைக் கருவி குறைத்தே சொல்லும். எவ்வளவு குறைக்கிறது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும்.

அறிகுறியும் காரணமும்

- மழையில் பூஜ்யம்: புனல் அடைப்பு, சிக்கிய கிண்ணம், கழன்ற காந்தம், அறுந்த கேபிள். கருவியைக் கொண்டுவரும்போது கிண்ணம் ஆடாமல் இருக்கப் போட்ட ரப்பர் பேண்டைக் கழற்றாமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.
- மழை நின்ற பிறகும் தூறல்: பாதி அடைப்பு. மற்ற நிலையங்களில் மழை ஏறி இறங்கியிருக்கும். இங்கே மட்டும் ஒரே மட்டமாக ஓடி, மணிக்கணக்கில் வால் நீளும். மொத்த அளவு ஏறக்குறைய சரியாக வரும் என்பதால் தினக் கணக்கில் பிடிபடாது, கால்மணிக் கணக்கில்தான் பிடிபடும்.
- எப்போதும் குறைவு: கருவி சாய்ந்திருக்கிறது, புனல் கசிகிறது, மரம் மறைக்கிறது, அல்லது மாடிக் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போகிறது.
- சீரான விகிதத்தில் தவறு: லாகரில் போட்ட எண் தப்பு. கிண்ணம் 0.5 மி.மீ., லாகரில் 0.2 என்றால் மழை ஐந்தில் இரண்டு பங்காகக் குறையும். கருவியை மாற்றிய மறுநாளே இது தொடங்கியிருக்கும்.
- கூடுதல்: ரீட் சுவிட்ச் ஒரு சாய்வுக்கு இரண்டு தடவை துடிக்கிறது. கையால் மெல்லப் பத்துத் தடவை சாய்த்துப் பாருங்கள். லாகர் பன்னிரண்டு என்றால் சுவிட்சை மாற்றுங்கள். மாடி அதிர்வதும் வெறும் கிண்ணத்தை ஆட்டலாம்.

மின்பக்கம் சந்தேகம் வந்தால் லாகரிலிருந்து கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வைத்து இரண்டு இடத்தில் சோதியுங்கள். மழைமானி முனையில் சாய்வுக்கு ஒரு பீப் வந்து லாகர் முனையில் வரவில்லையென்றால் கேபிள் போய்விட்டது, எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். இரண்டு முனையிலும் வந்தும் லாகர் எண்ணவில்லையென்றால் லாகரின் உள்ளீடு பழுது. இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். பார்க்காமலே புது சென்சார் வாங்கிப் போடுவது கம்பெனிக் காசைக் கரியாக்கும் வேலை.

மும்பைக்கென்று சில

பருவமழை முடிந்தபின் மே வரை மாதக்கணக்கில் புனலில் மழை பெரும்பாலும் விழாது. கட்டட வேலையின் சிமெண்ட் தூசியும் புறா எச்சமும் படிந்து கிடக்கும். முதல் மழையில் அவை குழைந்து இறுகி அடைத்துக்கொள்ளும். அதாவது எல்லோரும் கவனிக்கிற முதல் பெருமழையில்தான் கருவி மானத்தை வாங்கும்.

பருவமழை ஜூன் 11 வாக்கில் வரும் என்று பராமரிப்பை மே கடைசிவரை இழுத்தடிக்கும் வழக்கம் உண்டு. 2025-இல் அது மே 26 அன்றே வந்து இறங்கியது. கொலாபாவில் 1918-ஆம் ஆண்டின் மே மாத மழைச் சாதனை முறிந்தது. மே நடுவுக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது புனலைப் பாருங்கள்.

உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூக்கும், துடைத்து கிரீஸ் தடவுங்கள். ஜூலையில் நாலைந்து நாள் தொடர்ந்து வெயிலே வராது, சோலார் பேனலை நம்பிய பழைய பேட்டரி அப்போதுதான் கைவிடும். பேட்டரியை மே மாதமே சோதித்து மாற்றுங்கள். இடி இடிக்கும்போது மாடிக்கும் கம்பத்துக்கும் போகாதீர்கள், தகவல் ஒரு மணி நேரம் காத்திருக்கும்.

இந்த வேலைக்கு வர

எலக்ட்ரானிக்ஸ் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ போதும். மாநகராட்சிப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் தவிர, மகாராஷ்டிரத்தின் மகாவேத் திட்டத்தில் கிராமப்புற நிலையங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. வானிலையை அடிப்படையாகக் கொண்ட பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு இத்தகைய எண்களைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. இந்திய வானிலைத் துறையில் அறிவியல் உதவியாளர் வேலைக்கு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) தேர்வு நடத்துகிறது. 2022-இல் பெரிய அளவில் ஆள் எடுத்தார்கள். இயற்பியல் படித்த பட்டதாரிகளும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோக்காரர்களும் எழுதலாம். தமிழோடு மராத்தியும் இந்தியும் பேச வந்தால் மாடிச் சாவி சீக்கிரம் கைக்கு வரும்.

நல்ல டெக்னீஷியன் யார் என்பது அவர் பதிவேட்டில் தெரியும். வந்தபோது இருந்த நிலை, செய்த வேலை, போகும்போது இருந்த நிலை, மூன்றும் தேதி நேரத்தோடு இருக்க வேண்டும். இது ஏன் முக்கியம்? '250 மி.மீ. அதிகனமழை' என்பது 20 சதவீதம் குறைத்துச் சொல்லும் கருவியில் 200 ஆகும். வானிலைத் துறைக் கணக்கில் 204.4-ஐத் தாண்டினால்தான் அதிகனமழை. தவறிய கருவி அந்த நாளை ஒரு படி கீழே இறக்கி, வெறும் மிகக் கனமழையாக்கிவிடும்.

ஆகவே "சரியாயிடுச்சா?" என்று மேலதிகாரி கேட்டால் "ஆயிடுச்சு சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "வந்தப்போ 50-க்கு 31 சாய்வு. புனலில் கசிவு, ரசமட்டம் விலகியிருந்தது. இப்போ 50-க்கு 49. போன சனிக்கிழமையிலிருந்து வந்த தகவலைச் சந்தேகத்தில் வையுங்க" என்று சொல்லுங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அப்படிப் பதில் சொன்னவரைத்தான் திரும்பக் கூப்பிடுவார்கள்.