உச்சிவெயிலில் பனித்துளி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய 11 படங்களையும் நேற்று ராத்திரி நானும் பெரியம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். பெரியம்மாவுக்கு அந்த வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிப் படம்தான் பிடித்தது. இறக்கை முழுக்கப் பனித்துளி முத்துமுத்தாக நிற்கிறதே, அந்தப் படம். நான் அதில் இலையின் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல் இலைக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது. உச்சிவெயிலில் பனி ஏதம்மா?

நீ தண்ணீர் தெளித்திருக்கிறாய். அதனால் உன்மேல் கோபம் இல்லை. உன் வயதில் நான் செய்தது இதைவிடப் பெரிய தப்பு. அதையும் இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். உன்னிடம் இருக்கிற 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் 50 மி.மீ. நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டினால் ஒன்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். அதாவது 6 மி.மீ. சிலந்தி சென்சாரிலும் 6 மி.மீ. அளவுக்கே விழும். உன் கேமராவில் அது படத்தின் அகலத்தில் கால்வாசி. ஆரம்பத்துக்கு அது தாராளம். மின் தொடர்பு உள்ள ட்யூபாகப் பார்த்து வாங்கு. இல்லாவிட்டால் கேமராவிலிருந்து அபெர்ச்சரை மாற்ற முடியாது.

கஷ்டம் பெரிதாக்குவதில் இல்லை. அந்த நெருக்கத்தில் எஃப் 11 வைத்தாலும் தெளிவாக விழுகிற ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். தாவும் சிலந்தியின் கண் தெளிந்தால் வயிறு மங்கிப்போகும். ஆகவே ஃபோகஸ் வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, முழங்கையைத் தரையில் ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் அசைத்து அந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடிக்க வேண்டும். தரையில் படுப்பதற்கு முன்னால் குச்சியால் சருகைத் தட்டிப் பார். விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். பூச்சியை மேலிருந்து எடுக்காதே, அதன் கண்மட்டத்துக்கு இறங்கு. உன் 11 படங்களில் 9 படம் நீ நின்றபடி குனிந்து எடுத்தவை.

ஃப்ளாஷை வெறுமனே அடிக்கிறாய். அதனால்தான் பொறிவண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டு எரிகிறது. பால் நிற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வெட்டி ஃப்ளாஷுக்கு முன்னால் கட்டி, பூச்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோ. உள்ளங்கை அகல வெள்ளைத் தகடு நமக்கு ஒன்றுமில்லை. எறும்புக்கு அது ஒரு வானம். ஃப்ளாஷின் சக்தியைக் குறைத்து வைத்தால் அது மின்னும் நேரமும் பல ஆயிரத்தில் ஒரு விநாடியாகக் குறையும். கை நடுக்கம் படத்தில் தெரியாது.

சென்னையில் ஒன்றுமே இல்லை, களக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று எழுதியிருந்தாய். கூட்டிக்கொண்டு போகிறேன். அதற்கு முன்னால் உங்கள் தெருமுனைக் காலி மனையில் நிற்கிற எருக்கஞ்செடியை ஒரு வருஷம் பார். இலையடியில் மஞ்சள் அசுவினி அப்பிக்கிடக்கும். அதைத் தின்ன பொறிவண்டும் அதன் புழுவும் வரும். மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு நீட்டிக்கொண்டு வெந்தய வரியனின் புழு இலையைத் தின்னும். நீலமும் மஞ்சளுமாக எருக்கு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். பூவுக்குக் கருவண்டு வரும். வேளாண்மைத் துறையில் 31 வருஷம் வயல்வயலாக அலைந்தவன் சொல்கிறேன்: ஒரே செடியிடம் நாற்பது தடவை போனவனுக்குத் தெரிவது, நாற்பது காடு சுற்றியவனுக்குத் தெரியாது. நான் வேலையில் சேர்ந்தபோது எங்களுக்கு வழிகாட்டி, 1914இல் பிளெட்சர் தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி எழுதிய புத்தகம். அதிலுள்ள படங்களை ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். காலின் முள் எத்தனை என்று எண்ணாமல் வரைய முடியாது. கேமரா நமக்காக எண்ணிவிடும் என்று நாம் எண்ணுவதை விட்டுவிடுகிறோம்.

எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் வீட்டு மாமரமே போதும். அதில் முசுறு கூடு கட்டியிருப்பது உனக்குத் தெரியும். நீ அனுப்பியதில் 'செவ்வெறும்பு' என்று பெயர் போட்டிருந்த ஏழாவது படத்தைப் பெரிதாக்கிக் காலை எண்ணிப் பார். எட்டு இருக்கும். அது முசுறு வேஷம் போட்ட தாவும் சிலந்தி. முன்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். ஆணுக்குத் தாடை நீண்டு, ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப்போவது போல இருக்கும். ஆனால் அது எறும்புச் சாரையில் சேராது, ஒதுங்கியே திரியும். எறும்பைத் தின்பதற்காக அந்த வேஷம் இல்லை, எறும்புக்குப் பயப்படுகிறவை தன்னைத் தொடாமல் இருப்பதற்காக. அதே மரத்தில் முசுறு போலவே இருக்கிற நண்டுச் சிலந்தி ஒன்றும் உண்டு. அது எறும்பையே பிடித்துத் தின்னும். உனக்குத் தெரியாமலே எவ்வளவு அருமையான படம் எடுத்திருக்கிறாய் பார்!

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். ஃபிலிம் காலம். ஒரு ரோலில் 36 படம், கழுவி வர இரண்டு வாரம். ஒரு தோட்டத்து ஆமணக்கில் பச்சை நிறச் சிலந்தி, வலை பின்னாத சாதி, காலெல்லாம் முள். முட்டைப் பையை நூலால் அக்கம்பக்கத்து இலைகளோடு இழுத்துக் கட்டி, அதை அணைத்துக்கொண்டு இருந்தாள். மூன்று நாள் போய்ப் பார்த்தேன், அவள் நகரவே இல்லை. ஓர் இலை மட்டும் அவள் முகத்தை மறைத்தது. நான்காம் நாள் அந்த இலையைக் கிள்ளிவிட்டேன். அதோடு இரண்டு மூன்று நூலும் அறுந்து, பை ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கவலைப்படவில்லை, படம் எடுத்தேன். மறுநாள் காலையில் பையில் எறும்பு. அவள் மேல் தண்டில் இருந்தாள். ரோல் கழுவி வந்தது. நான் எடுத்ததிலேயே கூர்மையான படம் அதுதான். இதுவரை ஒருவரிடமும் காட்டியதில்லை, உன் அப்பாவிடம்கூட.

தண்ணீர் தெளித்ததால் உன் வண்ணத்துப்பூச்சி செத்திருக்காது. ஆனால் கை ஒரு தடவை பழகினால் அடுத்தது கிள்ளும், அதற்கடுத்தது ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுக்கும். அப்படி எடுத்துப் பரிசு வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பார்க்கிறவன், இந்தப் பூச்சி இப்படித்தான் வாழ்கிறது என்று நம்பிப் பார்க்கிறான். அவனை நாம் ஏமாற்றக் கூடாது. இலை மறைத்தால் நீ நகரு. நகர்ந்தும் கிடைக்காவிட்டால் அந்தப் படம் உனக்கு இல்லை.

பெயர் தெரிய வேண்டுமென்றால் ஒரு கோணம் போதாது. சிலந்திக்கு முகத்தில் கண்வரிசை, முதுகு, பக்கவாட்டு, வலை இருந்தால் வலை, எல்லாம் எடு. தும்பிக்கு நெஞ்சின் பக்கவாட்டுக் கோடு முக்கியம். எந்தச் செடி, என்ன தேதி என்று எழுதிவை. அப்படியும் பல சிலந்திகளுக்குப் படத்தை வைத்து இனம் சொல்ல முடியாது. பேரினத்தோடு நிறுத்திக்கொள், ஊகித்துப் பெயர் வைக்காதே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அபூர்வமான சிலந்தி கிடைத்தால் படத்தோடு இடத்தை வெளியிடாதே. ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்து, 1899இல் அறிவியல் உலகுக்குத் தெரிந்த நீலச் சிலந்தி ஒன்று உண்டு. பிறகு அதை 2001இல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி பார்த்தார்கள். அழிவின் விளிம்பில் நிற்கிற அந்தச் சிலந்தியை வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்க விற்கிறார்கள். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு இருக்கும், அதை அழித்துவிட்டு அனுப்பு.

பனித்துளி வேண்டுமென்றால் பொங்கலுக்கு வா. கிணற்றடி வேலியில் ஒரு காய்ந்த குச்சிக்கு நீலவரித் தேனீ ஆண்கள் தினமும் சாயங்காலம் வருகின்றன. கூடு கிடையாது, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு, உடம்பை அந்தரத்தில் நீட்டியபடியே வரிசையாகத் தூங்கும். நேற்று 7 இருந்தன. பெரியம்மா அந்தப் பக்கம் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். வெயில் ஏறினால் பறந்துவிடும், அதனால் விடிவதற்கு முன்னாலேயே போய்ப் படுக்க வேண்டும். பழைய போர்வை ஒன்று கொண்டுவா. டார்ச் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா