மீண்டும் கண்ட தலைநகர்

டோக்கியோ மாநகரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இருமுறை அழிந்து, இருமுறை எழுந்தது. ஒவ்வோர் அழிவுக்குப் பின்னரும் அந்நகருக்குத் திரும்பி வந்து, தாம் சிறுவனாய் உலவிய ஊரைத் தேடியவர் சிற்பி இசாமு நொகுச்சி.

இவர் 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் யோனே நொகுச்சி, ஆங்கிலத்திலும் கவிபாடிப் புகழ் பெற்ற ஜப்பானியர். தாயார் லியோனி கில்மோர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. மகன் பிறக்குமுன்னரே தந்தையார் தாயகம் சென்றுவிட்டார். 1907-இல் தாயார் குழந்தையுடன் கடல் கடந்து டோக்கியோ வந்தார். ஆனால், கவிஞருக்கு அங்கே வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது. தாயும் மகனும் தனித்து வாழலாயினர். ஆங்கிலம் கற்பித்துத் தாயார் குடும்பத்தைக் காத்தார்.

பின்னர்ச் சிகசாகி என்னும் கடற்கரையூரில் அவர் சிறு வீடொன்று கட்டினார். அப்பொழுது சிறுவன் தச்சர்களுடனேயே பொழுதைக் கழித்தான். மேனாட்டுத் தச்சர் இழைப்புளியை முன்னே தள்ளி இழைப்பர். ஜப்பானியத் தச்சரோ அதைத் தம்மை நோக்கி இழுத்து இழைப்பர். வாளும் அவ்வாறே. அந்தக் கைப்பழக்கமே பிற்காலச் சிற்பிக்கு முதற் பாடம் எனலாம். 1918-இல், 13 வயதில், அவன் கல்வியின்பொருட்டு அமெரிக்காவுக்குத் தனியே கப்பலேறினான். அங்கே அவனை யாவரும் சாம் கில்மோர் என்றே அழைத்தனர். சிற்பக் கலையே தம் தொழில் எனத் துணிந்த காலத்தில்தான் அவ்விளைஞர் தந்தையின் பெயரைத் தம் பெயராக்கிக் கொண்டார்.

இதற்கிடையே, 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர்ப் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. உணவு சமைக்கும் வேளை; வீடுதோறும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மரவீடுகள் சரிந்து தீப்பற்றின. காற்று அத்தீயைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றது. டோக்கியோவிலும் யோக்கஹாமாவிலும் சுற்றுப்புறங்களிலும் ஓரிலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். எனினும், சில ஆண்டுகளுக்குள் அகன்ற சாலைகளும் பூங்காக்களும் உறுதியான பாலங்களும் எழுந்தன. 1927-இல் அசாக்குசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே நிலத்தடி இரயில் ஓடத் தொடங்கியது. அதன் நீளம் 2.2 கிலோமீட்டரே.

இப்புதிய நகருக்கு வர எண்ணியபோது, இசாமுவுக்குத் தந்தையிடமிருந்து கடிதம் வந்தது. நொகுச்சி என்னும் பெயருடன் ஜப்பானுக்கு வரவேண்டா என்பதே அதன் செய்தி. இளைஞர் மனம் புண்பட்டார். சீனாவின் பெய்ஜிங் நகரில் சில திங்கள் தங்கி, சி பைஷி என்னும் ஓவியரிடம் தூரிகை ஓவியம் பயின்றார். ஆயினும், பெயரை மாற்றிக்கொள்ளாமலே 1931-இல் டோக்கியோ வந்தார். தந்தையும் மகனும் சந்தித்தனர். பேச்சு நெருக்கமாக அமையவில்லை. தங்க இடமும் அன்பும் தந்தவர் தந்தையின் தமையனார் தக்காகியே. அம்முதியவரின் உருவத்தைச் சிற்பி சுடுமண்ணில் வடித்தார். பின்னர்க் கியோட்டோவுக்குச் சென்று, ஒரு குயவரின் சூளையருகே மண்ணின் இயல்பைக் கற்றார்.

இரண்டாவது அழிவு வானிலிருந்து வந்தது. 1945-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் நள்ளிரவு கடந்து பொழிந்த எரிகுண்டுகளால் ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் ஓரிரவில் மடிந்தனர். போருக்குப்பின் தந்தையும் மகனும் கடிதங்களால் நெருங்கினர். ஆனால், 1947-இல் கவிஞர் மறைந்தார். மகன் மீண்டும் டோக்கியோவில் இறங்கியது 1950-இல். தாம் பிறந்த நாடே குண்டுமழை பொழிந்த நாடு என்ற எண்ணம் அவருடன் வந்திருத்தல் வேண்டும். ஆனால், இளங்கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் அவரை உவகையுடன் வரவேற்றனர். இடிபாடுகளிடையே அவர்கள் புதுக்கலையைத் தேடிக்கொண்டிருந்தனர்.

தந்தையார் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த கெய்யோ பல்கலைக்கழகமும் குண்டுகளால் சிதைந்திருந்தது. அங்கே கட்டடக் கலைஞர் தனிகுச்சி யோஷிரோ புதிய கூடமொன்றை எழுப்பினார். அதில் கவிஞரின் நினைவாக ஓர் அறையையும் தோட்டத்தையும் அமைக்கும் பணி இசாமுவுக்குக் கிடைத்தது. எந்தப் பெயரைச் சுமந்து வரவேண்டா எனத் தடுக்கப்பட்டாரோ, அந்தப் பெயருக்கே அவர் நினைவிடம் சமைத்தார். தோட்டத்திற்கென அவர் செதுக்கிய கற்சிற்பத்தின் பெயர் ‘மு’. வெறுமை என்பது அதன் பொருள். வளையம் போன்ற அதன் நடுவெளியில் மாலைக் கதிரவன் விளக்கெனத் தோன்றுமாறு அதனை வடிவமைத்தார்.

அப்பணி 1951-இல் நிறைவுற்றது. அவ்வாண்டிலேயே கிஃபு நகரின் காகித விளக்குகளைக் கண்டு, மூங்கில் இழையும் முசுக்கட்டைப் பட்டைக் காகிதமும் கொண்ட புதிய விளக்குகளை உருவாக்கலானார். இவை மடித்து உறையிலிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பத் தக்கவை. நினைவறை இருந்த கட்டடம் இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அறையின் பகுதிகள் மட்டும் பெயர்த்தெடுக்கப்பெற்று, அதே வளாகத்தில் எழுந்த புதிய கட்டடத்தின் மாடியில் மீண்டும் அமைக்கப்பெற்றன.