நாலு கொம்பு ரவுட்டரும் ஊட்டி மலைச்சரிவும்

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டு அருகில் சிறிய கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று நடத்தி வருகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் அத்துடன் வை-பை ரவுட்டரும் வாங்குவார்கள். "எத்தனை ஆன்டெனா?" என்பதுதான் முதல் கேள்வி. நாலு என்றால் முகம் மலரும். ஆன்டெனா என்று சொல்ல மாட்டார்கள், கொம்பு என்பார்கள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பேளூர் ரோட்டில் பாக்குத் தோப்புக்குள் வீடு உள்ள ஒரு விவசாயி அப்படி ஒரு நாலு கொம்பு ரவுட்டரை என்னிடம் வாங்கினார். ஒரு நாள் மத்தியானம் போன் செய்தார்.

"ஏந்தம்பி, பாப்பாவுக்கு இன்னைக்குத்தான் காலேஜ் லிஸ்டு போட்டு லாக் பண்ணணுமாம். நெட்டு வந்து வந்து போகுது. நீ சொன்ன மாதிரியே நாலு கொம்பையும் அவ ரூமைப் பாத்துத் திருப்பி வெச்சுட்டேன். அப்பவும் வரமாட்டேங்குதே?"

திருப்பி வைக்கச் சொன்னது நான்தான். டார்ச் லைட்டைப் போல, எந்தப் பக்கம் நீட்டுகிறோமோ அந்தப் பக்கம் சிக்னல் போகும் என்று பல பேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பைக்கை எடுத்துக் கொண்டு ஓடினேன். பின் அறையில் அந்தப் பெண் நோட்டில் கல்லூரிகளை வரிசையாக எழுதி வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது. லேப்டாப்பைத் தூக்கி முன் ஹாலில், ரவுட்டருக்கு நேர் எதிரே வைத்தோம். உடனே பக்கம் திறந்தது. லாக் செய்து முடிக்கும் வரை அவள் அப்பா வாசலிலேயே நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. எதை நம்பி அந்த யோசனையைச் சொன்னேன் என்று படிக்க ஆரம்பித்தேன். நான் சொன்னது நேர் தலைகீழ். அதை இங்கே உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

கொம்பின் நுனியில் சிக்னல் இல்லை

ரவுட்டரில் உள்ள குச்சி ஆன்டெனாவில் இருந்து ரேடியோ அலை பக்கவாட்டில்தான் பரவும். நுனியின் நேர்த் திசையில் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. மெதுவடையின் ஓட்டையில் ஒரு குச்சியைச் செருகினால் குச்சியைச் சுற்றி வடை எப்படி இருக்குமோ, அப்படித்தான் சிக்னலின் வடிவம். நுனியை அறைப் பக்கம் நீட்டினால், அந்த அறைக்குக் கிடைப்பது வடையின் ஓட்டை! நாலு கொம்பையும் அப்படித் திருப்பச் சொல்லி, நாலு ஓட்டையையும் அந்தப் பெண்ணின் அறைக்கு அனுப்பி இருக்கிறேன்.

ஆகவே கொம்புகளை நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். மாடியிலும் நெட் வேண்டுமானால் ஒன்றை மட்டும் படுக்க வைக்கலாம்.

"அப்படியானால் நாலு எதற்கு? பெட்டியில் பீம்ஃபார்மிங் என்று போட்டிருக்கிறதே, அது பொய்யா?" என்று நீங்கள் கேட்கலாம். பொய் இல்லை. சிக்னலை ஒரு பக்கமாகத் திருப்ப முடியும். ஆனால் கையால் கொம்பைத் திருப்பி அல்ல.

கிணற்றில் இரண்டு கல்

தோட்டத்துக் கிணற்றில் ஒரே நேரத்தில் இரண்டு கற்களைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போடுங்கள். இரண்டு வட்ட அலைகள் கிளம்பி ஒன்றை ஒன்று கடக்கும். மேடும் மேடும் சேரும் இடத்தில் அலை இரட்டிப்பாக உயரும். மேடும் பள்ளமும் சேரும் இடத்தில் தண்ணீர் அசையாது. அலையில் நாம் எந்த இடத்தில் இருக்கிறோம், மேட்டிலா பள்ளத்திலா என்பதற்குப் பெயர்தான் பேஸ். ஒரு முழு அலையை 360 டிகிரி என்று கணக்கு வைப்பார்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் 180 டிகிரி.

இப்போது நாலு கற்களை ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் போட்டால் அலை நேராக முன்னால் போகும். இடது கல்லை முதலில் போட்டு, அடுத்ததைச் சிறிது தாமதித்து, மூன்றாவதை இன்னும் சிறிது தாமதித்துப் போட்டால்? அலை வலப்பக்கம் சாய்ந்து போகும். யார் கடைசியாகப் போட்டாரோ அவர் பக்கம் சாயும். கல் போடும் ஆட்கள் இடம் மாறவில்லை, திரும்பவும் இல்லை. தாமதம் மட்டுமே அலையைத் திருப்பி விட்டது. ஆன்டெனா வரிசைக்கும் அதே கதைதான்.

எவ்வளவு தாமதம் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-பையின் ஒரு அலை 12.5 சென்டிமீட்டர் நீளம். அதில் பாதி அலை தாமதம் என்பது ஒரு விநாடியைச் சுமார் 480 கோடி பங்காகப் போட்டு, அதில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் சிப் இந்தக் கணக்கை மில்லி விநாடிகளில் மாற்றி மாற்றிப் போடுகிறது.

இது புது யோசனையும் அல்ல. ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905-லேயே மூன்று ஆன்டெனாக்களை வைத்து இப்படிச் செய்து காட்டினார். 1909-ல் மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர் அவர்தான். பழைய மானிட்டர்களின் பிக்சர் டியூபுக்கு முன்னோடியான டியூபைச் செய்தவரும் அவரே.

ஊட்டியில் 1056 கொம்புகள்

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. ஊட்டிக்குப் போனால் பொட்டானிக்கல் கார்டனும் படகு சவாரியும் பார்த்துத் திரும்பி விடுகிறோம். சில கிலோமீட்டர் தள்ளி முத்தோரையில், மலைச்சரிவில் ஒரு ரேடியோ டெலஸ்கோப் படுத்திருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1970-ல் வேலைக்கு வந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 24 பெரிய இரும்புச் சட்டங்கள். அவற்றின் மேல் 1100 மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கம்பிகள்தான் கண்ணாடி. வானில் இருந்து வரும் ரேடியோ அலையை அவை நடுக்கோட்டில் உள்ள ஆன்டெனா வரிசைக்குத் தள்ளுகின்றன. அந்த வரிசையில் இருப்பவை 1056 சிறு டைபோல்கள். நம் ரவுட்டர் கொம்பின் உறவினர்கள் என்று சொல்லலாம்.

இந்த டெலஸ்கோப்பை ஏன் மலைச்சரிவில் வைத்தார்கள்? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி வடக்கு தெற்காகச் சரிந்த மலையைத் தேடிப் பிடித்தார்கள். அப்படி வைத்தால் டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகி விடும். பிறகு ஒரு நட்சத்திரத்தைக் கிழக்கில் இருந்து மேற்கே தொடர, மோட்டாரால் அந்த ஒரே அச்சில் சுழற்றினால் போதும். சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடர முடியும். (வாழப்பாடியும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான், பதினொன்றரைக்குச் சற்று மேல். நம் ஊர் மொட்டை மாடியில் துருவ நட்சத்திரம் வடக்கே அவ்வளவு தாழ்வாகத் தெரிவது இதனால்தான்.)

ஆனால் வடக்கு தெற்காகத் திரும்ப வேண்டுமே? அரை கிலோமீட்டர் நீள இரும்பை அந்தப் பக்கம் தூக்கவே முடியாது. அங்கேதான் நம் கிணற்றுக் கல் வருகிறது. வடக்கே உள்ள ஒரு நட்சத்திரத்தில் இருந்து வரும் அலை, வடக்கு முனை டைபோலை முதலில் தொட்டு, அடுத்ததைச் சற்றுத் தாமதமாகத் தொடும். எனவே முதலில் பிடித்ததைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து, கடைசியில் பிடித்ததோடு சேர்த்துக் கூட்டினால், அந்தத் திசையில் இருந்து வந்தது மட்டும் பெரிதாகும். மற்றத் திசைகளில் இருந்து வந்தவை ஒன்றை ஒன்று அழித்துக் கொள்ளும். நிறுத்தி வைக்கும் சர்க்யூட்டின் பெயர் பேஸ் ஷிஃப்டர். ஊட்டியில் ஒவ்வொரு டைபோலுக்கும் 4 பிட் பேஸ் ஷிஃப்டர் ஒன்று உண்டு.

4 பிட் என்றால் என்ன என்று கம்ப்யூட்டர் படிக்கும் உங்களுக்குத் தெரியும். 0 முதல் 15 வரை 16 நிலைகள். 360-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு படி 22.5 டிகிரி. கம்ப்யூட்டரில் இருந்து இந்த எண்களை மாற்றி அனுப்பினால் ஒரு ஆணி கூட அசையாமல் டெலஸ்கோப் வடக்கே பார்க்கும், தெற்கே பார்க்கும். பல்சார்களையும், சூரியனில் இருந்து வீசும் துகள் காற்றையும் இப்படித்தான் ஆராய்ந்து வருகிறார்கள்.

திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள எம்.எஸ்.டி. ரேடார் இன்னொரு உதாரணம். கூரை டிவி ஆன்டெனா போன்ற யாகி ஆன்டெனாக்கள் 1024, 32-க்கு 32 என்று வயலில் நட்டது போல நிற்கின்றன. எல்லாம் வானத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும். சாய்வது கற்றை மட்டுமே. 53 மெகாஹெர்ட்ஸில் மேல் வானக் காற்றை அளக்கிறார்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். நாலு ஆன்டெனா, ஒவ்வொன்றுக்கும் அரை அலை இடைவெளி என்று வைத்துக் கொள்வோம். பார்முலாவை இங்கே தமிழில் தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சைன், காஸ், ரேடியன்ஸ், ஏபிஎஸ் எல்லாமே எக்செல்லில் உள்ள பங்ஷன்கள்.

இ1 செல்லில் 0 என்று அடியுங்கள். இதுதான் தாமதம், டிகிரியில். ஏ2-வில் -90, ஏ3-ல் -85 என்று அடித்து, இரண்டையும் தேர்வு செய்து கீழே இழுத்தால் ஏ38-ல் 90 வந்து நிற்கும். இவை திசைகள்.

பி2: =180*சைன்(ரேடியன்ஸ்(ஏ2))-$இ$1

சி2: =ஏபிஎஸ்(காஸ்(ரேடியன்ஸ்(பி2/2))+காஸ்(ரேடியன்ஸ்(பி2*3/2)))/2

இரண்டையும் 38-வது வரிசை வரை காப்பி செய்யுங்கள். டாலர் குறியை விட்டு விடாதீர்கள், விட்டால் இ1 கீழே நகர்ந்து கணக்கு கெட்டு விடும். இப்போது ஏ காலத்தையும் சி காலத்தையும் வைத்து எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர் சார்ட் போடுங்கள். நடுவில் 0 டிகிரியில் ஒரு மலை, உயரம் 1. அதுதான் கற்றை. 30 டிகிரியில் பாருங்கள், சுத்தமாகப் பூஜ்யம்.

இனி இ1-ல் 90 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். மலை அப்படியே நகர்ந்து 30 டிகிரியில் போய் நிற்கும்! முன்பு நடுவில் இருந்தவருக்கு இப்போது பூஜ்யம். முதன்முதலில் இதைப் பார்த்தபோது சென்டரில் இருந்த பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இ1-ல் 180 கொடுத்தால் மலை இரண்டாகி -90-லும் 90-லும் தெரியும். பயப்பட வேண்டாம், தவறு ஒன்றும் இல்லை. அந்த நிலையில் இரண்டு பக்கத்துக்கும் அலைகள் ஒன்றாகவே கூடுகின்றன. அடுத்து இ1-ஐ 0 ஆக்கி, பி காலம் முழுவதும் 180-க்குப் பதில் 360 என்று மாற்றுங்கள். இடைவெளி ஒரு முழு அலை என்று பொருள். நடுவில் ஒன்று, இரு ஓரங்களிலும் அதே உயரத்தில் இரண்டு போலிக் கற்றைகள் கிளம்பும். ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் வரும் தொல்லை இது. கொம்புகளின் எண்ணிக்கையைப் போலவே இடைவெளியும் முக்கியம்.

ரவுட்டருக்கு நம் திசை எப்படித் தெரியும்?

தெரியாது. கேட்டுத்தான் தெரிந்து கொள்ளும். ரவுட்டர் முதலில் ஒரு சோதனை சிக்னல் அனுப்பும். உங்கள் லேப்டாப் அது எப்படி வந்து சேர்ந்தது என்று அளந்து பதில் அனுப்பும். அந்தப் பதிலை வைத்து ரவுட்டர் பேஸ் கணக்குப் போடும். வீட்டுக்குள் சுவர், பீரோ என்று மோதி எதிரொலித்துப் பல வழியாக அலை வருவதால், எக்செல் படம் போல ஒரே நேர்க் கற்றை இருக்காது. லேப்டாப் இருக்கும் இடத்தில் எல்லாம் கூடிச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம், லேப்டாப்புக்கும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 2009-ல் வந்த 802.11என் தரத்தில் இதற்குப் பல முறைகள் இருந்ததால் கம்பெனிக்குக் கம்பெனி ஒத்துப் போகவில்லை. 2013 இறுதியில் ஏற்கப்பட்ட 802.11ஏசி தரத்தில்தான் ஒரே முறை என்று முடிவானது. உங்களுடையது எது என்று பார்க்க, விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி சிஎம்டி என்று தட்டி என்டர் செய்யுங்கள். கறுப்பு விண்டோவில் நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ் என்ற நாலு சொற்களையும் ஆங்கிலத்தில், இடையே இடம் விட்டுத் தட்டுங்கள். ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட் என்ற வரியில் ஏசி அல்லது ஏஎக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

தோப்பு வீட்டுக்கு மறுபடியும் போனேன். நான் சொன்னது தப்பு என்று அவரிடம் ஒப்புக் கொண்டேன். "அதுக்கென்ன தம்பி, டீ சாப்பிடு" என்றார். கொம்புகளை நிமிர்த்தினேன். இரும்புப் பீரோவுக்குப் பின்னால் இருந்த ரவுட்டரை எடுத்து, சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் மாட்டினேன். பின் அறையில் ஒரு கோடாக இருந்த சிக்னல் மூன்றாகியது. அந்த லேப்டாப்பில் 802.11என் வரைக்கும்தான் இருந்தது, ஆகவே பீம்ஃபார்மிங்குக்கு அதில் பங்கில்லை. நடுவில் இருந்த இரண்டு தடித்த சுவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. கடைசியில் முப்பது மீட்டர் லேன் கேபிளை ஜன்னல் வழியாக இழுத்து அவள் மேஜையில் செருகிக் கொடுத்தேன். கேபிளுக்கு மட்டும் காசு வாங்கிக் கொண்டேன்.